ஜின் ஆற்றங்கரையில் ஒரு திருவானைக்கா

எங்க ஊர் திருவெள்ளறையில் ஒரு கிணறு உண்டு. நாலு பக்கமும் படி, மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகா வடிவம். பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் தோண்டியது. பேர் மாற்பிடுகு பெருங்கிணறு. இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கல்வெட்டில் இருக்கு, அவ்வளவுதான். இல்லையென்றால் அந்த மனுஷன் பேரே நமக்குத் தெரிந்திருக்காது.

இப்போ நம்ம ஊரை விட்டு சீனாவுக்குப் போவோம். தென்கிழக்குக் கடற்கரையில் குவான்சோ. ஜின் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள துறைமுக நகரம். 1087-லேயே சோங் அரசு இங்கே கடல் வணிக அலுவலகம் திறந்துவிட்டது. மார்க்கோ போலோ 'சைத்தூன்' என்று சொல்லி வியந்தது இந்த ஊரைத்தான். அரபிகள், பாரசீகர்கள், கூடவே நம்ம ஆட்களும் இங்கே இருந்தார்கள்.

ஆதாரம்? ஒரு தமிழ்க் கல்வெட்டு. சக ஆண்டு 1203, அதாவது 1281 சித்திரை. திருக்கதலீசுவரம் என்ற சிவன் கோயிலில் சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்தார்; செகசை கானின் திருமேனி நலம்பெற இது நடந்தது என்கிறது. செகசை கான் என்பது குப்லாய் கான்தான் என்பது அறிஞர்கள் கருத்து. கல்லின் கடைசியில் சீன எழுத்தும் உண்டு.

அந்தக் கோயில் இன்று இல்லை. 1357 முதல் சுமார் பத்து வருஷம் நடந்த கலகம் அயல்நாட்டு வணிகர்களை ஒடுக்கிப்போட்டது. துறைமுகமும் மண் மேவியது. ஆற்றுத் துறைமுகங்களின் தலையெழுத்து அது. கொண்டுவரும் ஆறே கடைசியில் அடைத்தும் விடும்.

ஆனால் கற்கள் எங்கே போகும்? லிசெங் மாவட்டத்தில் உள்ள காய்யுவான் பௌத்தக் கோயிலில் நம்ம பாணித் தூண்கள் ரெண்டு நிற்கின்றன. அவற்றில் நரசிம்மர்கூட இருக்கிறார். அந்நகரில் கிடைத்த இன்னொரு சிற்பத்தில் யானை ஒன்று சிவலிங்கத்தை வழிபடுகிறது.

அதன் படத்தை முதல்முறை பார்த்தபோது சட்டென்று நினைவுக்கு வந்தது திருவானைக்கா. கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் ஊர், நாங்கள் சின்ன வயசிலிருந்து கேட்ட கதை.

கம்பன் அரையனும் சம்பந்தப் பெருமாளும் மாமன்னர்கள் இல்லை. கிணறு இருக்கிறது, கோயில் போய்விட்டது. இரண்டு பேர்களையும் காப்பாற்றியது கல்தான். அடுத்த தடவை கோயிலுக்குப் போனால், சுண்ணாம்பு பூசின கல்வெட்டைத் தொட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே யாரோ ஒருவர் இருக்கிறார்.