தோற்றவர் குடிவழி: பண்டாரவன்னியன் மரபுத் தேடல் பற்றிய சில குறிப்புகள்

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் காலத்தில் நாட்டப்பட்ட நினைவுக்கல் வரலாற்று மாணவர் பலரும் அறிந்ததொன்றாகும். 1803 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31 ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் என்பவர் பண்டாரவன்னியனை அவ்விடத்தே தோற்கடித்தார் என்னும் செய்தியை அது ஆங்கிலத்திற் கூறிற்று. வென்றவர் எழுவாய், தோற்றவன் செயப்படுபொருள். வன்னியின் இறுதித் தலைவனெனப் போற்றப்படும் ஒருவனுடைய பெயர் கல்லில் ஏறியதே இன்னொருவரின் வெற்றியை அறிவித்தற்பொருட்டாகும். அவன் அங்கு இறந்தானென்று கல்வெட்டுக் கூறவில்லை என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். எனினும் அந்நாளையே அவன் மறைந்த நாளாகக் கொள்வோர் பலர். அதன் பின்னரும் சில ஆண்டுகள் அவன் உயிருடன் இருந்தானென வாதிடும் ஆய்வாளரும் உளர். இறந்த நாளே வழக்கிலிருக்கும் ஒருவனின் வழித்தோன்றல்கள் யாவர் என்னும் வினா புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, பனங்காமம் முதலாய ஊர்களைப் பூர்வீகமாகக் கொண்டோரிடையே இன்றும் ஆர்வத்துடன் எழுப்பப்படுகின்றது. அவ்வினாவை எவ்வாறு அணுகுதல் தகும் என்பதையே ஈண்டு நோக்க விழைகின்றோம்.

தோற்றுப்போன படையொன்றில் நின்ற முன்னோரைத் தேடும் வேட்கை எமக்கு மட்டும் உரியதன்று. இதன் மிக விரிந்த வடிவத்தை ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் காணலாம். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் பிரிவினைக் கூட்டமைப்பின் பக்கம் நின்று தோற்ற போர்வீரரின் பேரப்பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் அவ்வீரரின் வரலாற்றைத் தேடுவது அங்கு ஒரு பெருவழக்கு. அதற்கு வேண்டிய ஆவணங்களும் அவர்களுக்கு வாய்த்துள்ளன. வென்ற அரசின் போர்த் திணைக்களமே 1903 முதல் தோற்றவர் படையின் சேவைக் குறிப்புகளை ஆள்வாரியாகத் தொகுத்து வைத்தது. மத்திய அரசு அவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கவில்லை; ஆயின் தென்மாநிலங்கள் தனித்தனியே வழங்கின. அதற்கான விண்ணப்பங்களில் முதியவரோ அவர்தம் கைம்பெண்ணோ எந்தப் படைப்பிரிவில் நின்றது, எங்கே காயமுற்றது, இப்போது என்ன உடைமை உண்டு என்பனவற்றையெல்லாம் சாட்சிகளுடன் எடுத்துரைத்தனர். வறுமையை மெய்ப்பிக்க எழுதப்பட்ட தாள்களே பிற்காலத்தில் வம்சப் பெருமையை மெய்ப்பிக்கும் சான்றுகளாயின. 1894 இல் தோன்றிய 'கூட்டமைப்பின் புதல்வியர்' சங்கத்திற் சேர விரும்பும் பெண், அத்தகைய வீரரொருவரின் வழிவந்தவள் எனக் காட்டல் வேண்டும். நகரச் சதுக்கங்களில் சிலைகளை நிறுவுவதில் அச்சங்கம் முன்னின்றது.

இனி அதே வீட்டின் பின்புறத்தைப் பார்ப்போம். அவ்வீரரின் குடும்பம் அடிமைகளை உடையதாயிருந்திருப்பின், 1850, 1860 ஆம் ஆண்டுக் குடிமதிப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உடையவரின் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பால், நிறம் ஆகியன மட்டுமே பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். பெயர் இராது. அவர்களுட் பெரும்பாலோர் குடிமதிப்பிற் பெயருடன் தோன்றுவது 1870 இலேயாகும். எனவே போர்வீரரின் வழித்தோன்றல் தம் முன்னோரை ஐந்தாறு தலைமுறை பின்னோக்கிச் செல்ல முடிகையில், அடிமைகளின் வழித்தோன்றல் 1870 என்னும் சுவரில் முட்டி நிற்கின்றார். இழந்த இலட்சியம் என்ற பெயரிற் போற்றப்பட்ட கதை, அடிமைமுறையைக் காப்பதே பிரிவினையின் மூலகாரணம் என்பதை மறைத்தது. அதை மறைத்தற்கு வம்சாவளி ஒரு கருவியாயிற்று.

இவ்வெடுத்துக்காட்டை நாம் எடுத்தது இரண்டையும் ஒன்றெனக் காட்டுவதற்கன்று. அந்நியர் ஆட்சியை எதிர்த்து நின்ற வன்னித் தலைவனையும் அடிமையுடைமையைக் காக்கப் பிரிந்த மாநிலங்களின் படையையும் ஒரே தட்டில் வைப்பது அறிவுடைமையாகாது. ஆயினும் தோற்றவர் எனப்படுவோருள்ளும் யாருக்குக் குடிவழி எழுதப்படுகின்றது, யாருக்கு எழுதப்படுவதில்லை என்னும் கேள்வி இரு நிலங்களுக்கும் பொதுவாகும்.

வன்னிபங்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறின், பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி முதலிய பற்றுகளில் ஆண்ட தலைவர்கள் யாழ்ப்பாண அரசருக்கும், பின்னர் போத்துக்கேயருக்கும், ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாக அளித்தும் அளிக்க மறுத்தும் வாழ்ந்தனர். 1782 இல் ஒல்லாந்தர் படையெடுத்து அவர்தம் அதிகாரத்தை முறித்தனர். தோமஸ் நாகெல் என்னும் அதிகாரியின் கீழ் நேராட்சி நிறுவப்பட்டது. 1795-96 இல் ஆங்கிலேயர் வந்தனர். 1803 யூன் மாதம் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தது. கண்டியரின் துணையுடன் எழுந்த பண்டாரவன்னியன் ஓகஸ்ட் 25 ஆம் நாள் முல்லைத்தீவைக் கைப்பற்றினான். இரு மாதங்களின் பின் கற்சிலைமடுத் தோல்வி. வவுனியாவில் இன்று அவனுக்குச் சிலையுண்டு. ஓகஸ்ட் 25 நினைவுகூரப்படுகின்றது. கல் நினைவூட்டிய நாளை விட்டு இன்னொரு நாளை மக்கள் தேர்ந்தமை தற்செயலன்று என்றே கருதுகின்றோம்.

மரபைத் தேடுவோர் முதலில் எதிர்ப்படும் இடர் பெயராகும். வன்னியன் என்பது இங்கு குடும்பப் பெயரன்று. அது பதவியைக் குறித்தது. திறை செலுத்தும் உடன்பாட்டுடன் ஆட்சியாளர் ஏற்றுக்கொண்ட தலைவனே வன்னியன். பேராசிரியர் சி. பத்மநாதன் 1970 இல் வெளியிட்ட 'வன்னியர்' என்னும் நூல் முதலாக ஆய்வாளர் பலரும் இச்சொல்லின் பல்வேறு பொருள்களை ஆராய்ந்துள்ளனர். தமிழ்நாட்டில் அப்பெயருடைய பெருஞ்சாதி ஒன்று இருத்தலாலும், சிங்கள மக்கள் வாழும் நுவரகலாவியவிலும் வன்னியப் பட்டம் வழங்கினமையாலும் பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு உறவு கூறுவது பெரும்பிழைக்கு இடமாகும். பண்டார என்னும் முன்னொட்டோ கண்டியின் உயர்குடிப் பட்டங்களை நினைவூட்டுவது. ஒரே பெயரின் இரு கூறுகளும் பட்டங்களாயிருக்கும்போது, அப்பெயரை மட்டும் பற்றிக்கொண்டு ஒருவன் வீட்டுக்குச் செல்ல இயலுமா?

இரண்டாவது இடர் இலக்கியத்தால் விளைந்தது. முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி 1970 இல் வெளியிட்ட 'பண்டாரவன்னியன்' நாடகமும், 1991 இல் மு. கருணாநிதி எழுதிய 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' நாவலும் அவனைப் பரவலாக அறியச் செய்தன. அவற்றின் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கலை தேடுவது பாத்திரங்களை. குடிவழி தேடுபவருக்கு வேண்டியன சான்றுகள். இன்று பொதுவழக்கில் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவனாகக் கூறப்படுபவன் காக்கைவன்னியன். அப்பெயரை நாம் எங்கே சந்திக்கின்றோம்? ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில், சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவனாக, ஊர்காவற்றுறையைச் சார்ந்த ஒருவனாகச் சந்திக்கின்றோம். 1619 இல் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின் கதையிலிருந்த துரோகி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளைத் தாண்டி வன்னிக்கு வந்து சேர்ந்துள்ளான். அப்பெயரில் இருவர் வாழ்ந்திருத்தல் கூடாதென்பதில்லை. எனினும் தோல்விக்குக் காரணமாகப் பீரங்கியைவிடத் துரோகியை விரும்பும் மக்கள் மனப்பாங்கு இவ்வழக்கை வளர்த்தது என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. இதன் விளைவு யாதெனில், மேடையிற் கண்ட உறவுமுறைகள் குடும்பக் கதைகளுக்குட் புகுந்து, இரண்டொரு தலைமுறையில் பாட்டன் சொன்ன செய்தியாக மாறிவிடுகின்றன. வீட்டுக்கு வீடு வாய்மொழி சேகரிக்கும் மாணவர், நாடகத்துக்கு முன்னரே அக்கதை அவ்வீட்டில் வழங்கியதா என்பதை முதலில் உசாவுதல் நன்று.

மூன்றாவது, பெண்வழி. ஒல்லாந்தர் காலச் செய்திகளில் வன்னிச்சிமார் எனப்படும் பெண் தலைவியரும் இடம்பெறுகின்றனர். அவர்கள் படையை எதிர்த்து நின்றமையும் கூறப்பட்டுள்ளது. ஆயினும் இன்று உரிமை கோரப்படும் வம்சாவளிகள் பெரும்பாலும் தந்தையிலிருந்து மகனுக்குச் செல்லும் நேர்கோடுகளாகவே உள்ளன. சீதனம் வழியே தாயின் நிலம் மகளுக்குச் செல்லும் வழக்குடைய சமூகத்தில், நிலத்தைப் பின்தொடராது ஆண் பெயரை மட்டும் பின்தொடரும் ஆய்வு பாதி ஆய்வேயாகும்.

இவற்றையெல்லாம் கடந்து தலைவனின் நேரடி வழித்தோன்றல் ஒருவரைக் கண்டடைந்தோமென்றே வைத்துக்கொள்வோம். அவனோடு நின்றவர் யாவர்? முல்லைத்தீவுக்கு நடந்தவர், காட்டுவழி காட்டியவர், அரிசி சுமந்தவர், கற்சிலைமடுவில் வீழ்ந்தவர் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் எம்மிடம் இல்லை. தென்மாநிலங்கள் வழங்கியது போன்ற ஓய்வூதியமோ அதற்கான விண்ணப்பமோ அவர்களுக்கு இருந்ததில்லை. 1895 இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கைநூல் இன்றும் எமக்கு இன்றியமையாததே. ஆயினும் அது ஆட்சியாளர் தம் ஆவணங்களிலிருந்து எழுதிய நூல். அவ்வாவணங்களிற் கலகத் தலைவனுக்குப் பெயருண்டு. கலகக்காரருக்குத் தொகை மட்டுமே உண்டு. மறுபுறத்தில் வென்றவர் மரபைத் தேடுவது எளிது. 1908 இல் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், ஐரோப்பிய வழிவந்த குடும்பங்களின் வம்சாவளிகளைத் திருமணம், ஞானஸ்நானம் முதலிய நாட்குறிப்புகளுடன் தன் சஞ்சிகையில் ஆண்டுதோறும் அச்சிட்டது. தேவாலயப் பதிவேடு உடையவனுக்குத் தாத்தா உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

முற்போக்கு நோக்குடைய ஆய்வாளர் இன்னுமொரு படி இறங்கல் வேண்டும். 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை அடிமைகளைப் பற்றி விதிகள் கூறுகின்றது. 1806 இல் ஆங்கிலேயர் அடிமைகளைப் பதிவுசெய்யச் சட்டமியற்றினர். 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இலங்கையில் அடிமைமுறையை முற்றாக நீக்கியது. ஆகவே 1803 இல் வடபுலத்திற் போரிட்ட தலைவர்களின் காலம் அடிமையும் குடிமையும் நிலவிய காலமேயாகும். அந்நியனை எதிர்த்தமை ஒரு தலைவனின் பெருமை. அவனுக்காக உழுதவனின் நிலை வேறு வரலாறு. முன்னதை எழுதுவோர் பின்னதை விட்டுவிடின், நாமும் எம்முடைய 1870 சுவரை எழுப்பியவர்களாவோம்.

புதுக்குடியிருப்பு என்னும் ஊர்ப்பெயரே ஆய்வாளருக்கு ஓர் எச்சரிக்கையாக அமைந்துள்ளது. புதிதாகக் குடியிருந்தோரின் இடம் அது. காடும் மலேரியாவும் மக்களைக் குறைக்க, குளமும் தெருவும் மீண்டும் அழைத்து வந்த பிரதேசம் வன்னி. 1940 களின் பிற்பகுதியில் மலேரியா கட்டுப்பட்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து பலர் பரந்தன் – முல்லைத்தீவுத் தெருவை அண்டிக் குடியேறினர். 1958, 1977 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத் தமிழர் வன்னியை அடைந்தனர். இவர்கள் எவருடைய முன்னோரும் கற்சிலைமடுவில் நின்றவரல்லர். ஆயினும் காட்டை வெட்டி, கிணறு தோண்டி, இன்றைய வன்னியை ஆக்கியவர்கள் இவர்களே. பூர்வீக வன்னியர் என்னும் சொல்லைப் பெருமைக்காக வழங்குவோர், அது எவரை வெளியே நிறுத்துகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

இப்பகுதியில் குடிவழி என்பது பெருமை பற்றிய வினாவன்று; வயிறு பற்றியது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009 இன் முற்பகுதியிற் புதுக்குடியிருப்பு மக்கள் எறிகணைகளுக்கிடையே முள்ளிவாய்க்காலை நோக்கி நகர்ந்தனர். உயிர் தப்பியோர் செட்டிகுளத்து முகாம்களிற் சேர்ந்தனர். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், திருமணப் படம் முதலியன பதுங்குகுழிகளிலும் பாதையோரத்திலும் எஞ்சின. குடியேற்றக் காணிகள் பல 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஆண்களுக்கு முதன்மை கொடுத்தது. 2022 இலேதான் அது திருத்தப்பட்டது. கணவனையோ தந்தையையோ இழந்த பெண்ணொருத்தி, தான் இன்னாரின் மகள் என்பதைக் கச்சேரியில் நிறுவவேண்டிய நிலை, எந்தச் சங்கத்தில் உறுப்புரிமை பெறுவதற்குமான நிலையன்று.

இப்பெண்ணுக்கு உதவக்கூடிய முறைகளே எமது ஆய்வுக்கும் உரிய முறைகளென்பது எமது கருத்து. பிறப்பு இறப்புப் பதிவு 1867 முதல் இலங்கையிற் சட்டப்படி நடைபெற்றது. 1897 இற் கட்டாயமாயிற்று. உள்ளூர் ஏடு அழிந்தவிடத்துப் பிரதி பிறிதோரிடத்திற் கிடைத்தல் கூடும். குடும்பப் பெயரற்ற எமது வழக்கில் தந்தையின் பெயர் ஒரு தலைமுறையை மட்டுமே காட்டும் என்பது உண்மையே. ஆயின் பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கு அதற்கு மேற்பட்ட தலைமுறையைக் காட்டிக்கொடுக்கும். பேரன் என்னும் சொல்லே பெயரனிலிருந்து வந்தது. ஒரே குடும்பத்தில் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் மீண்டும் மீண்டும் வரும் பெயர், உறுதியில் இல்லாத உறவையும் உணர்த்தவல்லது. அயலவர் சாட்சியும் உண்டு. காணி எல்லைகளில் எழுதப்படும் அயற்காணிக்காரரின் பெயர்களும் உண்டு.

கோயிற் கடமைகளையும் இங்கு சேர்த்து நோக்குதல் வேண்டும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்திலிருந்தும் சிலாவத்தைக் கடற்கரையிலிருந்தும் தொடங்கும் கிரியைகளில், தீர்த்தமெடுப்போர், விளக்கேற்றுவோர், பண்டமேந்துவோர், பறையறைவோர் எனப் பலருக்கும் உரிய கடமைகள் உள்ளன. தலைவன் வீட்டு வம்சாவளி எழுதப்பட்ட ஏட்டைத் தேடி அலைவதற்கு முன்னர், அக்கடமைகளை இன்று ஆற்றுவோர் அவற்றை எவரிடமிருந்து பெற்றனர், அவர்கள் எவரிடமிருந்து பெற்றனர் என மூன்று தலைமுறையேனும் வினவிப் பதிதல் வேண்டும். பறையறைவோரிடமே அவ்வினாவை முதலிற் கேட்பது பொருத்தமாயிருக்கும்.