அமீரின் அரசாணையும் ஹஸாராக்களின் மேய்ச்சல் நிலமும்

ஆப்கானிஸ்தானின் நடுவே அமைந்த ஹஸாராஜாத் மலைநாட்டில் வாழ்ந்து, பாரசீகத்தின் கிளைவழக்கான ஹஸாரகியைப் பேசி, பெரும்பாலும் ஷியா நெறியைப் பின்பற்றும் ஹஸாராக்களுக்கும், ஆட்சியைத் தம் கையில் வைத்திருந்த சுன்னி பஷ்தூன்களுக்கும் இடையிலான பிணக்கைச் சமயப்பகையாக மட்டும் விளக்குவது போதாது. சமயம் போருக்குக் கொடி பிடித்தது, போருக்குப் பின் வந்த ஏற்றத்தாழ்வை நிலமும் கடனுமே கட்டிக்காத்தன.

மலைநாட்டைக் காபூலின் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவர அமீர் அப்துர் ரஹ்மான் (1880–1901) முனைந்தபோது மூண்ட கிளர்ச்சிகள், ஹஸாராக்களுக்கு எதிரான சமயத் தீர்ப்புரைகளாகிய ஃபத்வாக்களின் துணையுடன் 1893-க்குள் ஒடுக்கப்பட்டன. தோற்றவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர், அவ்விற்பனைக்கு அரசு வரியும் வாங்கியது; உருஸ்கான் பகுதி வயல்கள் பஷ்தூன் குடியேறிகளுக்குப் போயின; தப்பியவர்கள் குவெட்டாவுக்கும் மஷ்ஹதுக்கும் ஓடினர். இக்கொடுமைகளை விரிவாகப் பதிவுசெய்த ஃபைஸ் முகம்மது காதிப், அதே அமீரின் மகன் ஹபீபுல்லாவின் ஆணைப்படி அரசவை வரலாறு எழுதிய ஒரு ஹஸாரா என்பது கவனிக்கத்தக்கது.

எனினும் நீண்டகால விளைவைத் தந்தது மேய்ச்சல் நிலமே. கோடையில் மந்தைகளுடன் மலையேறி, குளிர்காலத்தில் தாழ்நிலத்துக்கு இறங்கும் பஷ்தூன் நாடோடி ஆயர்களான கூச்சிகளுக்கு, ஹஸாராஜாத்தின் புல்வெளிகளில் உரிமை வழங்கி அமீர் ஃபர்மான், அதாவது அரசாணை, பிறப்பித்தார். அவர்கள் மந்தைகளுடன் துணி, தேயிலை, சர்க்கரை ஆகியவற்றையும் கொண்டுவந்து கடனுக்குக் கொடுத்து, மறுகோடையில் கோதுமையாகவும் நெய்யாகவும் ஆடுகளாகவும் வசூலித்தனர். விளைச்சல் பொய்த்து வட்டி ஏறியபோது நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு மாற, உடையவர் தம் வயலிலேயே குத்தகைக்காரரானார். கூச்சிகள் எல்லாரும் செல்வர் அல்லர். ஆயினும் வழக்கென்று வந்தால் அதிகாரிகளின் சாய்வு எப்பக்கம் என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன.

பின்வந்த ஆட்சியாளர் அமானுல்லா 1920களில் அடிமைமுறையை ஒழித்தபோதும் பறிபோன நிலம் திரும்பவில்லை. பின்னர் ஹஸாராக் குடும்பங்கள்மீது சுமத்தப்பட்ட நெய்வரி, 1940களில் ‘காவ்ஸவார்’ (எருதேறி) எனப்பட்ட இப்ராஹிம் கான் தலைமையில் கிளர்ச்சி எழுந்த பின்னரே கைவிடப்பட்டது.

2004-இன் அரசியலமைப்பு இரு இனங்களையும் சமமாகப் பெயர்சொல்லி ஏற்றது. ஆனால் அதன்பின் சில ஆண்டுகளிலேயே ஹஸாராஜாத்தின் பெஹ்சூத் பகுதியில் கோடைதோறும் மோதல்கள் வெடித்தபோது, மேய்ச்சல் உரிமைக்குச் சான்றாகக் கூச்சிகள் முன்வைத்தது அப்துர் ரஹ்மான் காலத்து அரசாணையைத்தான்.