விசிறி வேண்டாம் என்ற வைராக்கியம்

நாள் முழுக்கச் சுற்றும் சீலிங் ஃபேன் இறக்கையில் தூசி எப்படிப் படிகிறது? பறந்து போக வேண்டாமோ? ஆயுதபூஜைக்குத் துடைக்கும்போது யோசித்துப் பாருங்கள். இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய காற்று அதை விட்டு நகர்வதே இல்லை. எந்தப் பரப்பின் மேல் காற்றடித்தாலும் இந்தப் போர்வை உண்டு. கம்ப்யூட்டரைக் குளிர வைக்கிறவர்களுக்குப் பரம வைரி இதுதான்.

ஆரம்பத்தில் வைரி என்னவோ ஃபேன்தான். 1980-ல் ஆப்பிள் III வந்தபோது, ஃபேன் சத்தமே கூடாதென்று பிடிவாதமாக நின்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். கனத்த அலுமினிய அடிப்பெட்டியே சூட்டை வாங்கி வெளியே விடட்டும் என்று ஏற்பாடு. என்னாச்சு? சில்லுகள் சாக்கெட்டை விட்டு மெல்ல எழும்பின. கம்பெனி சொன்ன வைத்தியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: மிஷினைச் சில அங்குலம் தூக்கி, 'தொப்'பென்று மேஜையில் போடுங்கள்! (பெட்டியை வடிவமைத்த ஜெர்ரி மானாக் மட்டும், குற்றம் சூட்டில் இல்லை, உள்ளே இருக்கும் போர்டில்தான் என்றார்.) முதலில் விற்ற சுமார் 14,000 மிஷின்களை மாற்றிக் கொடுத்தும் பெயர் கெட்டது கெட்டதுதான். 1984-ல் மூட்டை கட்டினார்கள்.

1993-ல் பென்டியம். பெட்டியின் முதுகில் ஒரு ஃபேன் போதாதென்று, சில்லின் தலையிலேயே அலுமினியத் தகடுகளை அடுக்கி, அதன்மேல் குட்டி ஃபேனைத் திருகினார்கள். 2004-க்குள் பென்டியம் 4, நூறு வாட்டைத் தாண்டிவிட்டது. குண்டு பல்பு மாதிரி. ஃபேனை வேகமாக விட்டால்? போர்வை கொஞ்சம் மெலியும், சத்தம் நிறைய ஏறும். அந்த வருஷம் மே மாதம், அடுத்து வரவிருந்த 'தேஜாஸ்' சில்லையே இன்டெல் கைவிட்டது.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் ஜெஃப் காப்லோ என்பவர் தலைகீழாக யோசித்தார். தகடு சும்மா நிற்க, ஃபேன் ஏன் சுற்ற வேண்டும்? தகட்டையே சுற்றினால் என்ன? 2010-ல் அறிக்கை வெளியிட்டார். நிமிஷத்துக்குச் சில ஆயிரம் சுற்று. சுழலும் வேகத்தில் போர்வை வெளியே வீசப்பட்டு மெலிகிறது. சுற்றும் தகட்டுக்குச் சூடு எப்படி ஏறும் என்கிறீர்களா? அடித்தட்டுக்கும் அதற்கும் நடுவே 0.03 மில்லிமீட்டர் காற்று இடைவெளி. முடியை விட மெல்லிசு. காற்றானாலும் அவ்வளவு மெலிந்தால் சூடு தாண்டிவிடுகிறது. சத்தமும் குறைவு.

ஜாப்ஸ் கேட்டது ஏறக்குறைய கிடைத்த மாதிரிதான். ஆனால் உங்கள் மேஜைக்கடியில் உறுமுவது இன்னும் பெரும்பாலும் அந்தப் பழைய ஜோடிதான்: நிற்கிற தகடு, சுற்றுகிற ஃபேன், இரண்டிலும் தூசி.