கக்குவான் இருமலும் இரு பெண்மணிகளும்

வாரக்கணக்கில் குழந்தைகளை வருத்தும் கக்குவான் இருமலைப் பிற இருமல்களினின்றும் பிரித்தறியும் மார்க்கம் எளிதில் கிட்டியதன்று. 1578-ல் பாரிஸ் நகரைத் தாக்கிய இந்நோயைக் கியோம் தெ பையூ என்னும் வைத்தியர் விவரித்தார். 1906-ல் போர்தே, ஜாங்கு என்னும் இருவர் அதன் கிருமியைப் பிரித்து வளர்த்தனர்.

1932-ல், பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்கா தவித்திருந்த காலத்தில், மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் இரு பெண்மணிகள், பகலெல்லாம் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் உழைத்த பின்பு, மாலைவேளைகளில் வறியோர் இல்லங்களை நாடிச் சென்று, மண்ணெண்ணெய் விளக்கொளியில், இருமும் குழந்தையின் வாயெதிரே, கிருமி வளர்வதற்கான ஊட்டப்பொருளை வார்த்த தட்டை ஏந்தி நின்றனர். தட்டிலே கிருமி வளர்ந்தால் நோய் நிச்சயம். தொற்று எத்தனை காலம் நீடிக்கிறது என்பதையும் அத்தட்டுகளே புலப்படுத்தின. ஊகத்தை விட்டுச் சான்றைத் தேடிய இச்சிரத்தையே அவர்களுடைய மகத்தான சாதனை என்பேன். பின்னர் அவர்கள் உருவாக்கிய கக்குவான் தடுப்பூசி அதன் பலனே.

ஊசி பெற்ற குழந்தைகளையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு அவர்கள் நடத்திய பரிசோதனைக்குப் பொருள் போதாதிருந்தபோது, 1936-ல் ஜனாதிபதியின் மனைவியார் எலியனோர் ரூஸ்வெல்ட் ஆய்வுக்கூடத்திற்கே வந்து பார்த்து, பணியாளர் கிடைக்க உதவினார். 1940-களில் தொண்டை அடைப்பான், இரணஜன்னி ஆகியவற்றின் தடுப்பு மருந்துகளோடு கக்குவான் தடுப்பு மருந்தையும் இணைத்து, முத்தடுப்பு ஊசியை உருவாக்கும் பணியிலும் கெண்ட்ரிக் முன்னின்றார்.