பொன்னுத்தம்பி தட்டிய கதவு: ஷூ வழக்கிலிருந்து லா கிளார்க் தேர்வு வரை

சட்டம் படிக்கிற பிள்ளைகள் இப்போது 'லா கிளார்க்' வேலை பற்றி அதிகம் பேசுகிறார்கள். கிளார்க் என்றதும் நமக்கு ஃபைல் கட்டும் குமாஸ்தா ஞாபகம்தான் வரும். இது வேறு. நீதிபதிக்காக வழக்குக் கட்டைப் படித்துச் சுருக்கம் எழுதுவது, பழைய தீர்ப்புகளைத் தேடி எடுப்பது, தீர்ப்பு எழுத உதவுவது இதெல்லாம்தான் வேலை. ஒரு நீதிபதி எப்படி யோசிக்கிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஒரு வருஷம் இருந்தாலே பெரிய படிப்பு.

சரி, அந்த அறைக்குள் யார் போகலாம்? இந்தக் கேள்வி நம்ம புதுச்சேரிக்குப் புதிதில்லை.

1873-இல் இங்கே பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பாணி ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர்கள் அப்படி வரக்கூடாது என்பது வழக்கம். நீதிபதி அதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டு தண்டித்தார். பிள்ளை விடவில்லை. பாரீஸில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போனார். அங்கே அவருக்காக வாதாடியவர் ழூல் கொதேன். பிள்ளை ஜெயித்தார். கொதேன் பிறகு பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகவே பாரீஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது ஷூ இல்லை. வழக்கம் என்ற பெயரில் சிலரை வெளியே நிறுத்தி வைக்க முடிந்தது. மேல் நீதிமன்றத்தில் காரணம் சொல்லச் சொன்னபோது அந்த வழக்கம் நிற்கவில்லை. 1881-இல் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம் என்ற ஆணை வந்தது. பொன்னுத்தம்பி அதை ஏற்று 'லா போர்த்' என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்.

ஆங்கிலேயர் பக்கம் கதவு வேறு மாதிரி திறந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் சிறுவயதில் மாதம் 1 ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்கு வேலை பார்த்த முத்துசாமி ஐயரின் திறமையை ஒரு தாசில்தார் கவனித்துப் படிக்க வழி செய்தார். அவர்தான் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. ஆனால் அந்தத் தாசில்தார் கண்ணில் படாதவர்கள் எத்தனை பேரோ!

லா கிளார்க் முறையின் ஆரம்பமும் இப்படித்தான். 1882-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஹொரேஸ் கிரே என்ற நீதிபதி, ஹார்வர்டில் சட்டம் முடித்த இளைஞரைத் தன் சொந்தப் பணத்தில் வேலைக்கு வைத்துக்கொண்டார். ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த அவருடைய தம்பி. எங்கள் ஐ.டி. பாஷையில் சொன்னால் ரெஃபரல்.

இப்போது நம் உச்ச நீதிமன்றத்தில் பொது அறிவிப்பு வருகிறது. 2025-க்கான அறிவிப்பில் சட்டத்தின் கடைசி வருஷ மாணவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. வயது 20 முதல் 32 வரை. மாதம் 80,000 ரூபாய். முதலில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, அடுத்து விரிவாக எழுதும் தேர்வு, கடைசியில் நேர்காணல். எழுத்துத் தேர்வுக்கு டெல்லி போக வேண்டியதில்லை, சென்னையிலும் மையம் உண்டு. 1962 முதல் நமக்கு உயர் நீதிமன்றமும் சென்னைதான். அங்கும் நீதிபதிகளுக்கு ஆராய்ச்சி உதவியாளர்களை எடுக்கிறார்கள்.

அப்படியானால் கதவு முழுசாகத் திறந்துவிட்டதா? இல்லை. தேர்வு ஆங்கிலத்தில். எடுபட்டால் டெல்லியில் வீடு பார்க்க முன்பணம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே தெரிந்துவிடும். மூலக்குளத்திலிருந்து பஸ் மாறிக் காலாப்பட்டு சட்டக் கல்லூரிக்குப் போகிற, குடும்பத்தில் முதல் ஆளாகச் சட்டம் படிக்கிற பெண்ணுக்கு யார் சொல்வது?

எழுதாத விதிகள் எப்போதும் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் சாதகம். எழுதி ஒட்டிய அறிவிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். உங்களுக்குத் தெரிந்த சட்ட மாணவர் யாராவது இருந்தால் உச்ச நீதிமன்ற இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தைக் காட்டுங்கள். நாலாவது வருஷத்திலிருந்தே வாரம் ஒரு தீர்ப்பைப் படித்து, ஒரு பக்கச் சுருக்கம் எழுதிப் பழகச் சொல்லுங்கள். உள்ளே போனதும் செய்யப்போகிற வேலையே அதுதான்.