பனையேறியின் பிடியும் மூச்சும்

நாஞ்சில் நாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் பழையாற்றின் பாய்ச்சலையும், தோவாளை அகஸ்தீசுவரம் வட்டங்களின் நெல்வயல்களையும், சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் கோபுரத்தையும் வருணித்து அமைவார்கள். அவ்வயல்கள் முடியும் இடத்தில் தொடங்கும் செம்மண் மேட்டையும், அங்கிருந்து மேற்கே கல்குளம், விளவங்கோடு வரையில் விளை என்னும் தோட்டந்தோறும் நிறைந்து நின்ற பனைகளையும், அப்பனைகளின்மீது உயிரைப் பணயமாக வைத்து நாள்தோறும் ஏறி இறங்கிய மனிதரின் சரீரத்தையும் பொருட்படுத்தி எழுதியவர்கள் சிலரே. அந்தச் சரீரத்தின் சரித்திரத்தைச் சிறிது சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை. அதற்கு ஒரு தூண்டுதலாக அமைந்தது இக்காலத்து வைத்திய சாஸ்திரம் கண்டு கூறும் ஓர் உண்மை.

நோயற்ற, வயதுவந்த புருஷரையும் ஸ்திரீகளையும் நிறுத்தி, அவர்களுடைய கைப்பிடியின் வலிமையை ஒரு கருவியாலும், நெஞ்சு நிறைய இழுத்த காற்றை எவ்வளவு மிகுதியாகவும் எவ்வளவு விரைவாகவும் அவர்கள் வெளியே ஊத வல்லவர்கள் என்பதை மற்றொரு கருவியாலும் அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள், கொரியா முதலிய பல தேசங்களில், வயது, உயரம், ஆண் பெண் என்னும் வேறுபாடுகளைக் கணக்கிலிருந்து கழித்த பின்னும், பிடி வலியோர்க்கு மூச்சும் வலிதாக இருக்கக் கண்டார்கள். கைக்கும் நுரையீரலுக்கும் இடையே நேரான நாளம் ஒன்றும் ஓடவில்லை. ஆயினும் நுரையீரல் தானாக அசையும் உறுப்பன்று. அதனை விரிப்பவை உதரவிதானமும் விலாக்களுக்கு இடையிலுள்ள தசைகளுமாம். பலங்கொண்டு ஊதும்போது வயிற்றுத் தசைகளும் உடன் உழைக்கின்றன. இவை யாவும் கைப்பிடியை இறுக்கும் தசைகளின் இனத்தைச் சேர்ந்தவை. இளமையில் கிடைத்த ஊட்டத்தால் சேர்ந்தே வளர்ந்து, யௌவனத்தில் நிறைவெய்தி, மூப்பில் சேர்ந்தே தளர்பவை. ஆகவே கையை இறுக்கிப் பழகினால் மூச்சு பெருகிவிடும் என்று கொள்வது பிழை. தேகம் முழுவதிலும் உள்ள தசைபலத்துக்குக் கை ஒரு சாட்சி என்று கொள்வதே பொருந்தும். அச்சாட்சியின் மதிப்பும் சிறிதன்று. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி, பிடியில் 5 கிலோ குறையுந்தோறும் மரண அபாயம் 16 சதவீதம் மிகுந்து நின்றது என்று 2015இல் அறிவித்தது.

பிடியும் மூச்சும் ஒருங்கே வேண்டப்பட்ட தொழில் ஒன்றை நம் நாட்டில் காட்டச் சொன்னால், நான் பனைத்தொழிலையே காட்டுவேன். கிழக்கு வெளுக்கும் முன்பே பனையேறி விளைக்குள் நுழைகிறான். இடுப்பில் பாளையின் மட்டையால் செய்த அருவாப்பெட்டி, அதற்குள் பாளை அருவாள், பக்கத்தில் குடுவை. முருக்குத்தடியை மரத்தின் அடியில் சாய்த்து, அதன்மேல் காலூன்றி எழுந்து, இரு பாதங்களையும் தளைநாருக்குள் செருகிக்கொள்கிறான். பிறகு கைகள் இரண்டும் மரத்தைத் தழுவி மேலே சென்று பற்ற, கால்கள் மடங்கித் தளையோடு எழும்பிப் பதிய, மறுபடியும் கைகள் எழ, அந்தக் கரிய செதில்மரத்தின்மேல் உடம்பு ஒரே தாளத்தில் ஏறுகிறது. உற்றுக் கேட்டால், கை பற்றி உடம்பைத் தூக்கும் கணத்தில் மூச்சு உள்ளே நின்றுவிடுவதும், பாதம் பதிந்தபின் குறுகிய ஒலியோடு வெளியேறுவதும் கீழே நிற்பவர் காதுக்கே எட்டும். மார்பு மரத்தோடு ஒட்டியிருப்பதால் நெஞ்சை விரித்து நெடுமூச்சு வாங்குவதற்கு இடமில்லை. உள்ள இடத்தில், உள்ள கணத்தில் வாங்கியாக வேண்டும். பல ஆண்டு ஏறியவருடைய நெஞ்சிலும் முன்கையின் உட்புறத்திலும் பாதத்தின் ஓரத்திலும் தோல் காய்ப்பேறித் தடித்து, மரத்தின் பட்டையைப் போலவே ஆகிவிடுவதை இன்றும் முதிய பனையேறிகளிடம் காணலாம்.

ஒருவன் முப்பது நாற்பது மரங்களைக் காலையும் மாலையும் ஏறுவது இத்தொழிலில் வழக்கமான அளவு. ஒரு மரம் நாற்பதடி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நாற்பது மரம், இரண்டு வேளை. ஒரு நாளில் 3,200 அடி உயரம், அதாவது ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம், கையாலும் காலாலும் ஏறி, அவ்வளவும் இறங்கியாகிறது. இறக்கத்தில் குடுவையின் பாரம் வேறு.

உச்சிக்குப் போனதும் ஓய்வு வருவதில்லை. மட்டைகளுக்கு நடுவே ஒரு காலை ஊன்றி, ஒரு கையால் மட்டையைப் பற்றியபடி, கடிப்பு என்னும் மர இடுக்கியால் இளம்பாளையை அடிமுதல் நுனிவரை சிறிது சிறிதாக நசுக்கிக்கொண்டு போக வேண்டும். மிகையாக நசுக்கினால் பாளை பட்டுப்போகும்; குறைவாக நசுக்கினால் அக்கானி என்னும் பதநீர் சுரக்காது. எத்தனை இறுக்கம் வேண்டும் என்பதை விரல்களே அறிந்திருக்கும். ஆண் பனையின் பாளைக்கு ஒருவகைக் கடிப்பும், பெண் பனையின் பாளைக்கு வேறுவகைக் கடிப்புமாக அந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. இக்காலத்து வைத்தியர் கையில் கொடுத்து இறுக்கச் சொல்லும் கருவியும் தத்துவத்தில் இதுவே: இரண்டு பிடிகள், அவற்றை நெருக்கும் விரல்கள். பின்பு நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு பூசிய கலயத்தைக் கட்டிவிட்டு, அடுத்த மரத்துக்கு இறங்க வேண்டும்.

இத்தகைய கைகளை, அந்நாளில் இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு எவ்வாறு மதித்தது என்பது சரித்திரத்தின் வேதனையான பகுதி. பனையேறியின் தளைக்குத் தளைக்காணம், அவன் சாத்தும் ஏணிக்கு ஏணிக்காணம், தலைக்குத் தலைவரி என்று, அவன் உழைப்புக் கருவிகள் ஒவ்வொன்றும் வரிக்குரிய பொருளாயின. ஏறுவதற்கு உதவும் நாருக்கே வரி விதித்த ஒரு நிர்வாகம், அந்த நாரைப் பற்றிய விரலின் பிரயாசையை எண்ணிப் பார்த்திருக்க முடியாது. 1809இல் பிறந்து, பின்னாளில் சாமித்தோப்பு என்று பெயர்பெற்ற ஊரில் தங்கி, ஒடுக்கப்பட்டோரைத் தலைப்பாகை கட்டித் தலைநிமிர்ந்து நிற்கச் சொன்ன வைகுண்டரின் வழியினர் போற்றும் அகிலத்திரட்டு என்னும் நூல், இவ்வரிக் கொடுமையை மறவாமல் பேசுகிறது. அம்மக்களின் பெண்டிர் தம் மார்பை மறைக்கும் உரிமைக்காகவும் போராடி, 1859ஆம் ஆண்டு ஜூலை மாதத்துப் பிரகடனம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இங்கே நினைவுகூராமல் கடக்க மனம் இடந்தரவில்லை. மரத்தைத் தழுவித் தழும்பேறிய கணவனின் நெஞ்சும், ஆடை மறுக்கப்பட்ட மனைவியின் நெஞ்சும் ஒரே வீட்டில் இருந்தன.

இங்கே தளைக்குக் காணம் வாங்கிய அதே காலத்தில், ஐரோப்பாவில் மனிதரின் கையையும் மூச்சையும் எண்களாக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. பாரிஸ் நகரத்து ரெஞ்ஞியே என்பவர் பிடியின் வலிமையை அளக்கும் தமது டைனமோமீட்டரைப் பற்றி 1798இல் வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் பெரோன் என்னும் பிரெஞ்சு இயற்கைநூலார் அதை ஆஸ்திரேலியக் கரைகளுக்கும் தீமோருக்கும் கொண்டுசென்று, அங்குள்ள குடிகளின் கையில் கொடுத்து இறுக்கச் செய்து, அவர்கள் பிரெஞ்சுக்காரரினும் ஆங்கிலேயரினும் பலங்குன்றியவர்கள் என்று தீர்ப்பெழுதினார். முன்பின் கண்டிராத ஓர் இரும்புக் கருவியை, அந்நியன் ஒருவன் முன்னிலையில், காரணம் அறியாமல் ஒருவன் எவ்வளவு மனத்தோடு இறுக்குவான் என்று அவர் ஆராய்ந்து பார்க்கவில்லை. மூச்சின் அளவுகோலை அமைத்தவர் ஜான் ஹட்சின்சன் என்னும் ஆங்கில வைத்தியர். மாலுமிகள், போலீசார், குத்துச்சண்டையர், மல்லர், அச்சுத்தொழிலாளர், ஏழைகள் என 2,130 பேரைத் தம் ஸ்பைரோமீட்டரில் ஊதச் செய்து, உயரம் ஓர் அங்குலம் ஏறுந்தோறும் மூச்சின் கொள்ளளவு எட்டுக் கன அங்குலம் ஏறுகிறது என்று 1846இல் அவர் வெளியிட்டார். இவ்விரண்டு அளவைகளும் ஒரே கூடத்தில் பொதுமக்களுக்காக வைக்கப்பட்டது 1884இல், லண்டன் நகரத்துச் சுகாதாரக் கண்காட்சியில்; பிரான்சிஸ் கால்ட்டன் அமைத்த அந்தக் கூடத்தில் மூன்று பென்னி கொடுத்து 9,337 பேர் தம் பிடியையும் மூச்சையும் அளந்துகொண்டு போனார்கள். பனை மரத்தின் உச்சியில் இவ்விரண்டையும் நாள்தோறும் செலவிட்ட மனிதரோ அளக்கப்பெறாமலே வாழ்ந்து மறைந்தார்கள்.

மலையேறியான ஒரு வைத்தியர் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தது இச்சரித்திரத்தில் ஓர் அபூர்வமான நிகழ்ச்சி. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் தொடங்கிய நெய்யூர் வைத்தியப் பணிக்கு, 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் யாத்திரை முடிந்தபின் ஹோவர்ட் சோமர்வெல் என்னும் அறுவை வைத்தியர் பார்வையாளராக வந்தார். அங்கே குவிந்து கிடந்த நோயாளிகளையும் வைத்தியருக்கு இருந்த பஞ்சத்தையும் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த எதிர்காலத்தைத் துறந்து இங்கேயே தங்க முடிவுசெய்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட்டுக்குச் சென்றவர், ஜூன் 4ஆம் தேதி செயற்கைப் பிராணவாயுவின் உதவியின்றி 28,000 அடி அளவுக்கு ஏறி, தொண்டை புண்ணாகி மேலே செல்ல இயலாது அமர்ந்தார். இறங்கும் வழியில், குளிர்காற்றால் வெந்துபோன தொண்டையின் உட்தோல் கழன்று மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. கூப்பிடக் குரல் இல்லை. முன்னே சென்ற நண்பர் நார்ட்டன் திரும்பிப் பார்க்கவில்லை. பனியில் உட்கார்ந்து, தம் இரு கைகளாலும் நெஞ்சை அழுத்தி, இறுதி முயற்சியாக ஒருமுறை உந்தியபோது அடைப்பு வெளிவந்து அவர் பிழைத்தார். கையின் வலிமை மூச்சை மீட்டுத் தந்த அந்த மனிதர், பின்னர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நெய்யூரில் கத்தி பிடித்து, குடற்புண்ணால் வருந்திய எண்ணற்ற ஏழைகளைக் காத்தார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு நெகிழ்ச்சி உண்டாகிறது.

ஆங்கில வைத்தியம் வருமுன்பே, மரத்திலிருந்து விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு இங்கே ஆசான்மார் இருந்தார்கள். வர்மக்கலையும் எலும்புமுறிவு வைத்தியமும் தமிழகத்தின் பிற பகுதிகளைவிடக் குமரி மாவட்டத்தில் வேரூன்றித் தழைத்ததற்கு அடிமுறைக் களரிகள் ஒரு காரணமாயின், பனைகள் மற்றொரு காரணம் என்பது என் துணிபு. அடிபட்டுக் கிடப்பவனிடம் ஆசான் முதலில் நாடுவது சரத்தின் ஓட்டத்தை, அதாவது மூச்சை. அது தடைப்பட்டிருந்தால் அடங்கல் என்னும் தக்க வர்ம இடத்தில் கைவைத்து இளக்குவது அவருடைய முதல் கடமை. எலும்பைப் பொருத்துவது அதன் பிறகே.

இனி ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். பனையேறியின் பிடியும் மூச்சும் சிறந்திருந்தன என்றால், பனையேறியதால்தான் அவை சிறந்தன என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். நெஞ்சுபலம் இல்லாதவன் பத்து மரத்தில் இளைத்து, ஒரு பருவத்திலேயே தொழிலை விட்டுக் கூலிவேலைக்குப் போயிருப்பான். விழுந்தவன் மறுபடி ஏறியிருக்க மாட்டான். ஐம்பது வயதிலும் ஏறிக்கொண்டிருந்தவன் இத்தனை சல்லடைகளிலும் தங்கியவன். தொழில் உடம்பை ஆக்கியதும் உண்டு, உடம்பு தொழிலைத் தாங்கியதும் உண்டு; இவ்விரண்டையும் பிரித்தறிவது இக்காலத்து ஆராய்ச்சியாளருக்கும் கடினமான காரியமே.

இந்த ஐயத்துக்குத் தெளிவு காண விரும்புவோர் மரத்தின் உச்சியை விட்டு இறங்கி, விளையின் மூலையிலுள்ள ஓலைக்குடிலுக்குள் வர வேண்டும். கணவன் இறக்கிய அக்கானியை மனைவி அங்கே காய்ச்சுகிறாள். காய்ந்த ஓலையும் மட்டையும் எரிய, பல நாழிகை கிண்டிக் கிண்டி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. அகப்பையைச் சுழற்றிய அவள் கையும் வலியதே. விறகு சுமந்த தோளும் வலியதே. ஆனால் அவள் சுவாசித்தது புகை. முழுதும் எரியாத விறகின் புகை மூச்சுக்குழல்களைச் சுருக்கி, புகைபிடிக்காதவரிடத்தும் நாட்பட்ட சுவாசநோயை உண்டாக்குகிறது என்பது உலகெங்கும் நிலைநாட்டப்பட்ட உண்மை. பிடி வலிதாயிருக்க மூச்சு மெலிந்துபோகும் வகை இதுவே; நோயற்றோரிடத்தில் காணப்பட்ட அந்த இணக்கம் புகைசூழ்ந்த குடிலுக்குள் நிலைப்பதில்லை.

1956 நவம்பர் முதல் நாளில் இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின், பனைத்தொழில் விரைந்து சுருங்கிவிட்டது. பனையேறியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றார்கள். மேற்கே ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு வேலை கிடைத்தது. செங்கற்சூளைகள் பனைகளை விழுங்கின. பனை மாநில மரம் என்னும் மதிப்பைப் பெற்றிருந்தும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டலாகாது என்னும் கட்டுப்பாடு 2021இல்தான் வந்தது. மரமேறும் இயந்திரங்களும் வந்துள்ளன; ஆயினும் தொழிலில் தேர்ந்த கைகள் இன்னும் தளைநாரையே நாடுகின்றன. அந்தக் கைகள் சிலவேனும் இருக்கும்போதே, நம் மாவட்டத்து வைத்தியக் கல்லூரிகளின் மாணவர்கள் இரண்டு சிறு கருவிகளை எடுத்துக்கொண்டு ஒரு விளைக்குள் வர வேண்டும். பனையேறியின் பிடியையும் மூச்சையும் மட்டுமன்றி, அதே நாளில், அதே அக்கறையோடு, அடுப்பண்டை அமர்ந்திருக்கும் அவன் மனைவியின் பிடியையும் மூச்சையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அக்குடிலுக்கு ஒரு புகைபோக்கி வைத்துக்கொடுத்து, அடுத்த பருவத்தில் வந்து மறுபடியும் அளக்க வேண்டும்.