கேட்பவர் கையில் தண்டனை: குழுவின் உண்மைக் கருத்தைப் பெறும் முறைகளின் வரலாறு

2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் சென்னை, பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களின் ஊழியர்கள் பலர் காவிரிப் படுகையின் ஊர்களுக்குத் திரும்பி, பிறந்த வீட்டிலிருந்தே வேலை பார்த்தனர். தறிச் சத்தம் கேட்கும் தாராசுரம் தெருக்களுக்கு ‘அஜைல்’, ‘ஸ்பிரிண்ட்’, ‘ரெட்ரோ’ ஆகிய சொற்கள் வந்து சேர்ந்த வழி இது. மென்பொருளை ‘ஸ்பிரிண்ட்’ என்ற சிறு கட்டங்களாக உருவாக்கும் அஜைல் குழுக்களில் பல, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி, எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை, எதை மாற்றலாம் என்று பேசுகின்றன. இந்தக் கூட்டம்தான் ரெட்ரோ. மேனேஜர் இருக்கும்போது “எல்லாம் நல்லாப் போகுது” என்பார்கள். கூட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் வேறு பேச்சு நடக்கும்.

இதை ஊழியரின் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. தாராசுரத்துப் பட்டு நெசவே இதற்குச் சான்று. முதலாளியிடம் பாவும் ஊடையும் ஜரிகையும் வாங்கிக் கூலிக்கு நெய்பவரின் சேலையில் குறை தெரிந்தால் கூலியில் பிடித்தம் விழும். நூலிலேயே குறை இருந்தாலும் அதை முதலில் சொல்கிறவர் தன் கூலியைப் பணயம் வைத்துத்தான் சொல்ல வேண்டும். குறையைக் கேட்பவரும் தண்டிப்பவரும் ஒருவராக இருக்கும்வரை உண்மை வெளியே வராது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதை உணர்ந்து அமைக்கப்பட்ட ஏற்பாடுகளின் வரலாறு நீளமானது.

அவ்வரலாற்றின் தொடக்கத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு கல்வெட்டு இருக்கிறது. இரண்டாம் இராசராசன் (1146–1173) தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலைக் கட்டுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன்பே, முதலாம் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூர்ச் சபை 919-இலும் 921-இலும் இரண்டு தீர்மானங்களைச் சுவரில் வெட்டியது. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதைத்தான். வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்குத் தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளுக்கும் தனித்தனிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படிப்பான். பிறகு அங்கிருக்கும் நம்பிமாரும் (கோயில் அர்ச்சகர்கள்) படிப்பார்கள். கை மறைவில் ஓலை மாறிவிடும் என்ற சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை.

குடவோலை கருத்துக் கேட்கும் முறையன்று, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஆனாலும் நம் விவாதத்துக்கு உரிய இரண்டு செய்திகள் அதில் உள்ளன. செல்வாக்குள்ளவரின் கை படாமல் முடிவு வெளிவர வேண்டும் என்ற கவனம் முதலாவது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினரும் மறுமுறை வர முடியாது. மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவரும் வர முடியாது. இரண்டாவது செய்தியே எனக்கு முக்கியமாகப் படுகிறது: 919-இன் விதிகளைச் சபை இரண்டே ஆண்டில் திருத்தியது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என்று மாறியது. தகுதியின்மைக்கான காரணங்களும் விரிவாக வகுக்கப்பட்டன. தன் நடைமுறையைத் தானே பரிசீலித்து, மாற்றத்தை எல்லோரும் பார்க்கும் இடத்தில் பொறித்துவைத்த குழு அது. வரி கட்டும் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்த வாரியங்களில் இடம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நிலத்தில் உழுதவரின் குறையைக் கேட்க அங்கே குடம் எதுவும் வைக்கப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டில், குறையைச் சொல்ல அஞ்சும் இதே சிக்கல் தொழிற்சாலைக்குள் வந்தது. ஜப்பானில் 1962 முதல் கவோரு இஷிகாவா வளர்த்த தர வட்டங்களில் தொழிலாளர்கள் தாமே கூடித் தம் வேலையின் குறைகளை அலசினர். இந்தியாவில் 1980-இல் ஐதராபாத் பெல் (BHEL) நிறுவனம் அவற்றைத் தொடங்கியது. அச்சத்தை விரட்டாமல் தரம் வராது என்று ஓயாமல் சொன்னவர் தர மேலாண்மை வல்லுநர் எட்வர்ட்ஸ் டெமிங். அவர் பெயரிலான பரிசை இந்தியாவிலேயே முதலில், 1998-இல், வென்றது சென்னை சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு.

மிகத் தெளிவான பாடம் விமானத் துறையிலிருந்து வந்தது. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 விமானம் வாஷிங்டனை நெருங்கும்போது மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தனர். எந்த உயரத்துக்கு இறங்கலாம் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதே காரணம். அதே வழித்தடத்தில், அதே குழப்பத்தால், ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி அந்த நிறுவனத்தின் விமானிகளைத் தாண்டிப் போகவில்லை. ஒரு வாய்ச் சொல் உரிய இடத்தில் சொல்லப்பட்டிருந்தால் 92 உயிர்கள் பிழைத்திருக்கலாம்.

இதன்பின் 1975-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமே தவறுகளைத் தெரிவிக்கச் சொல்லி ஒரு திட்டம் தொடங்கியது. விமானிகள் நம்பவில்லை. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ள அலுவலகத்துக்குத் தன் தவறை யார் எழுதி அனுப்புவார்? 1976-இல் அந்தப் பொறுப்பு நாசாவிடம் போனது. நாசாவுக்கு விமானியைத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. தெரிவிப்பவரின் அடையாளத்தை அது நீக்கிவிடும். வேண்டுமென்று செய்யாத தவறைப் பத்து நாளுக்குள் தெரிவித்தவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. அறிக்கைகள் குவியத் தொடங்கின. நேர்மையாக இருங்கள் என்று உபதேசித்து இது நடக்கவில்லை. கேட்கும் பொறுப்பைத் தண்டிக்க முடியாத வேறொருவர் கையில் கொடுத்ததால் நடந்தது.

மென்பொருள் உலகம் இவ்விடத்துக்குத் தாமதமாகவே வந்தது. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் கூடிய பதினேழு பேர் எழுதிய அஜைல் அறிக்கையின் பன்னிரண்டாம் கொள்கை, குழு சீரான இடைவெளியில் தன்னைப் பரிசீலித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. அதே ஆண்டில் நார்ம் கெர்த் ரெட்ரோவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒவ்வொருவரும் அன்று தமக்குத் தெரிந்த அளவில் இயன்றதைச் செய்தார்கள் என்று ஏற்றுக்கொண்டே பேச்சைத் தொடங்க வேண்டும் என்றார். இங்கே மனம் திறந்து பேச முடியுமா என்பதையே முதலில் ரகசிய வாக்கால் அறியும் பயிற்சியும் அதில் உண்டு. ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் அதற்கு முன்பே, 1996-இல், வெளியிட்ட மருத்துவமனை ஆய்வு இன்னொரு கோணத்தைத் திறந்தது: நல்ல தலைமையும் உறவும் உள்ள குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகின. அங்கே தவறுகள் மறைக்கப்படவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம்.

நம் நிறுவனங்கள் ரெட்ரோவின் சடங்கை எடுத்துக்கொண்டு அதன் அடித்தளத்தை விட்டுவிட்டன என்று கருதுகிறேன். ஆண்டு இறுதியில் அப்ரைசல் எழுதும் மேனேஜரே பல இடங்களில் ரெட்ரோவையும் நடத்துகிறார். நம் பழக்கத்தில் மூத்தவரின் முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதைக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் எத்தனை வண்ணச் சீட்டு ஒட்டினாலும் உண்மை வராது. பெயரில்லாப் படிவமும் ஐந்து பேர் குழுவில் உதவாது. நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குழுவை நடத்துகிறவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். அப்ரைசல் உங்கள் கையில் இருந்தால் ரெட்ரோவை வேறொரு குழுவைச் சேர்ந்தவர் நடத்தட்டும். நீங்கள் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் வாருங்கள். சென்ற முறை சொன்ன குறைகளில் எது திருத்தப்பட்டது, எது திருத்தப்படவில்லை, ஏன் என்பதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவிட்டு அடுத்த கூட்டத்தைத் தொடங்குங்கள்.